பெங்களூரில் தமிழ் சீரியல் பார்ப்பவர்களுக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அல்சூர், ஸ்ரீராம்புரம், விவேக் நகர், காக்ஸ் டவுன், கே.ஆர்.புரம் என்று எந்தப் பக்கம் போனாலும் சரி, சீரியல் பேச்சு எடுத்தால் அதே சந்தேகங்கள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளைத் தொகுத்திருக்கிறோம். முதலில் வருபவை எளிமையானவை. போகப் போகச் சிக்கல் கூடும். முன்னால் சொன்னதைத் திரும்பச் சொல்லாமல் அந்தக் கேள்வியைக் காட்டிவிட்டுப் போகிறோம்.

1. சீரியல் பத்திச் சொல்றதுக்கு என்ன இருக்கு? நல்லா இருந்தா நல்லா இருக்கு, போர்னா போர். அதுக்கு மேல என்ன?

சொல்பவருக்கு அது போதும். கேட்பவருக்குப் போதாது. அவர் உங்களிடம் கேட்பதே அந்த சீரியலை ஆரம்பிக்கலாமா, நடுவில் விட்டதைப் பிடிக்கலாமா என்று முடிவு செய்யத்தான். "போர்" என்ற ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு அவர் ஒன்றும் செய்ய முடியாது.

எதுவரை பார்த்தீர்கள், தினமும் பார்த்தீர்களா அல்லது யூட்யூபில் துண்டு துண்டாகப் பார்த்தீர்களா, எந்த ட்ராக்கை, அதாவது கதையின் எந்தப் பகுதியைப் பற்றிப் பேசுகிறீர்கள் என்று மூன்றையும் சொல்லிவிடுங்கள். "கல்யாண ட்ராக் ஆரம்பிச்சதுல இருந்து ஹீரோயின் எடுக்கற எந்த முடிவும் அவ குணத்துக்கு ஒட்டல, தங்கச்சி கதை மட்டும் தேறுது" என்றால் அது கருத்து. எபிசோடு எண் சொல்வதைவிட ஒளிபரப்பான தேதியைச் சொல்வது நல்லது. மகாசங்கமம் என்று இரண்டு சீரியலைச் சேர்த்து ஒரு மணி நேரம் போடும் வாரங்களில் எண்கள் குழம்பிவிடும். தேதி குழம்பாது.

2. எத்தனை எபிசோடு பார்த்துட்டுப் பேசலாம்? முதல் வாரமே பிடிக்கலைன்னா?

பிடிக்காவிட்டால் விட்டுவிடுங்கள், யாரும் கேட்கப் போவதில்லை. ஆனால் "முதல் வாரத்தோட விட்டுட்டேன்" என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். தினசரி சீரியலில் முதல் இரண்டு வாரம் ஆட்களை அறிமுகப்படுத்துவதிலேயே போய்விடும். வீட்டில் யார் யாருக்கு என்ன உறவு, யாருக்கு யார் மேல் கோபம் என்று அடுக்கி முடிக்கவே பத்துப் பன்னிரண்டு எபிசோடு ஆகும்.

எங்கள் அளவுகோல் ட்ராக். ஒரு பிரச்சினை முளைப்பதில் இருந்து அது ஏதோ ஒரு விதத்தில் முடிகிற வரைக்கும் உள்ள பகுதி அது. காணாமல் போன நகை, மறைத்து வைத்த முதல் கல்யாணம், அண்ணன் தம்பி பாகப்பிரிவினை என்று எதுவாகவும் இருக்கலாம். பெரும்பாலும் நாலு முதல் ஆறு வாரம் ஓடும். ஒரு எபிசோடை மட்டும் பிடித்துக்கொண்டு திட்டுவதோ புகழ்வதோ சரியாக வராது, ஏனென்றால் சீரியல் எழுதுபவர்களே எபிசோடாக யோசிப்பதில்லை. ஒரு ட்ராக் முழுசாகப் பாருங்கள். முடிச்சைப் போட்ட விதமும் அவிழ்த்த விதமும் ஒன்றுக்கொன்று பொருந்துகிறதா என்று பாருங்கள். போடுவதில் எல்லோரும் கெட்டிக்காரர்கள். அவிழ்ப்பதில்தான் முக்கால்வாசி சீரியல்கள் சறுக்குகின்றன.

3. எங்க கேபிள்ல உதயா, ஜீ கன்னடா எல்லாம் வருது, தமிழ் சேனல் பாதி வரல. என்ன கேட்டு வாங்கணும்?

2019 பிப்ரவரியில் இருந்து எந்தெந்தச் சேனல் வேண்டும் என்று தேர்ந்தெடுப்பது சந்தாதாரரின் உரிமை. ஆனால் நீங்கள் ஒன்றும் சொல்லாவிட்டால் பெங்களூரில் கேபிள்காரர் கன்னடத் தொகுப்பைத்தான் போட்டுவிடுவார். "தமிழ் வேணும்" என்று பொதுவாகச் சொல்லாமல் சேனல் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். தொகுப்பில் சேர்க்கும் சேனலின் தனி விலை மாதம் 19 ரூபாயைத் தாண்டக் கூடாது என்பது தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் விதி. அதன்மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி. ஆக 19 ரூபாய் சேனல் ஒன்றுக்கு 22 ரூபாய் 42 காசு வரும். இரண்டு சேனல் மட்டும் பார்க்கிற வீடு என்றால் தனித்தனியாக வாங்கலாம். மூன்று நான்கு என்று போனால் அந்தந்த நிறுவனத்தின் தமிழ்த் தொகுப்பு விலையையும் கேட்டு ஒப்பிட்டுப் பாருங்கள், பல சமயம் அது குறைவாக இருக்கும்.

அடிக்கடி நடக்கும் தவறு ஒன்று உண்டு. எஸ்டியும் எச்டியும் தனித்தனிச் சேனல்கள், தனித்தனி விலை. பட்டியலில் இரண்டும் ஏறியிருந்தால் இரண்டுக்கும் காசு போகும். பில்லை ஒருமுறை வரி வரியாகப் பார்த்தால் தெரிந்துவிடும். சேர்த்த பிறகும் "சந்தா இல்லை" என்று திரையில் வந்தால் பெட்டியை அணைக்காமல் கால் மணி நேரம் அதே சேனலில் விட்டுவையுங்கள். அப்படியும் வராவிட்டால் சிக்னலைத் திரும்ப அனுப்பச் சொல்லிக் கேபிள்காரருக்குப் போன் போடுங்கள்.

4. டிவி ரிமோட் பசங்க கையில. ஆப்ல பார்த்துக்கலாமா?

பார்க்கலாம். சன் டிவி தொடர்கள் சன் நெக்ஸ்ட்டில், விஜய் டிவி தொடர்கள் ஜியோஹாட்ஸ்டாரில், ஜீ தமிழ் தொடர்கள் ஜீ5-ல். பழைய ஹாட்ஸ்டார் கணக்கு எங்கே போனது என்று கேட்பவர்களுக்கு: 2025 பிப்ரவரியில் ஹாட்ஸ்டாரும் ஜியோசினிமாவும் இணைந்து ஒரே ஆப் ஆகிவிட்டன.

5. எங்க நாத்தனார் காலையிலயே ஆப்ல பார்த்துட்டு ஃபேமிலி குரூப்ல போட்டுடறாங்க. ராத்திரி டிவியில பார்க்கறவங்க என்ன பண்றது? சொன்னா "நீயும் ஆப் போட்டுக்கோ"ங்கறாங்க.

இது பல வீட்டில் சண்டையாகவே ஆகியிருக்கிறது. சில ஆப்களில் சந்தா கட்டியவர்களுக்கு டிவியில் வரும் முன்பே எபிசோடு திறந்துவிடுகிறது. காலையில் பார்ப்பது தப்பில்லை. காலையில் சொல்வதுதான் தப்பு.

நடைமுறையில் ஒத்துவருகிற ஏற்பாடு இதுதான்: டிவியில் அன்றைய எபிசோடு முடிந்த பிறகே அதைப் பற்றி எழுதலாம். அதற்கு முன் எழுதியே ஆக வேண்டும் என்றால் முதல் வரியில் சீரியல் பெயரும் தேதியும் மட்டும் போட்டு, பத்துப் பன்னிரண்டு வரி காலியாக விட்டுக் கீழே விஷயத்தை எழுதுங்கள். கீழே தள்ளிப் பார்த்தால்தான் விஷயம் கண்ணில் படும். ஆனால் போட்டோ போட்டால் இந்த வழி எடுபடாது. கழுத்தில் தாலியோடு ஹீரோயின் நிற்கும் ஒரு ஸ்க்ரீன்ஷாட் போதும், மூன்று வார ட்ராக்கும் காலி. நாத்தனாரிடம் போட்டோவை மட்டுமாவது நிறுத்தச் சொல்லுங்கள், பாதிப் பிரச்சினை தீரும்.

6. ப்ரோமோல அறையறாங்க, எபிசோடுல பார்த்தா கனவாம்! இது ஏமாத்து இல்லையா?

ஏமாற்றுதான், ஆனால் அதைப் பெரும்பாலும் டைரக்டர் செய்வதில்லை. ப்ரோமோ வெட்டுவது பல இடங்களில் சேனலின் வேலை. வாரம் முழுவதும் எடுத்ததில் இருந்து சூடான துண்டுகளை எடுத்து, வரிசையை மாற்றி ஒட்டுவார்கள். திங்கள் பேசிய வசனத்துக்கு வியாழன் அழுத முகம் பதிலாக வரும். புடவையைக் கவனியுங்கள். பேசுபவர் ஒரு புடவையிலும் அதே நொடியில் அழும்போது வேறு புடவையிலும் இருந்தால் அந்த ப்ரோமோவை நம்ப வேண்டாம்.

ப்ரோமோவை வைத்து சீரியலைப் பற்றிக் கருத்துச் சொல்லாதீர்கள். ப்ரோமோவைப் பற்றி மட்டும் சொல்லலாம்.

7. ஏன் இப்படி ஜவ்வா இழுக்கறாங்க? அரை மணி நேரத்துல ஒண்ணுமே நடக்கல!

எல்லோரும் சொல்கிற புகார் இது. ஆனால் "இழுக்கறாங்க" என்பதில் மூன்று வேறு விஷயங்கள் கலந்திருக்கின்றன. எது என்று பிரித்துச் சொன்னால்தான் அந்தக் கருத்துக்கு மதிப்பு.

முதலாவது, காட்சி இழுப்பு. கூடத்தில் எட்டுப் பேர் நிற்கிறார்கள், ஒருவர் உண்மையைப் போட்டு உடைக்கிறார். உடனே காமிரா எட்டு முகத்துக்கும் போகும். ஆளுக்கு நாலு நொடி என்றால் 32 நொடி. வசனத்தின் கடைசி வார்த்தை எதிரொலியோடு திரும்ப வரும், மறுபடி எட்டு முகம். ஒரு நிமிடம் ஓடிவிட்டது. விளம்பர விதி மணிக்கு 12 நிமிடம் என்பதால் அரை மணி இடத்தில் கதைக்குக் கிடைப்பது இருபது நிமிடச் சொச்சம். அதிலும் முந்தின நாள் கதையும் டைட்டிலும் போக மீதிதான். அந்த மீதியில் இப்படி மூன்று சுற்று போனால் என்ன நடக்கும், ஒன்றும் நடக்காதுதான்.

இரண்டாவது, ட்ராக் இழுப்பு. ஒரே ரகசியம் வெளியே வரப்போகும் நேரத்தில் போன் அடிக்கும், யாராவது மயங்கி விழுவார்கள், கரண்ட் போகும். ஒரு ட்ராக்கில் இது ஒருமுறை வந்தால் பரவாயில்லை. மூன்றாவது முறை வந்தால் எழுதுபவரிடம் அடுத்த ட்ராக் தயாராக இல்லை என்று அர்த்தம். பல சமயம் கதையில் காரணமே இருக்காது, நடிகரின் தேதி கிடைத்திருக்காது. மாதத்தில் குறிப்பிட்ட நாட்கள்தான் ஒருவர் வருவார். அந்த நாட்கள் தீர்ந்தால் அவர் "ஆபீஸ் விஷயமா வெளியூர்" போய்விடுவார், போனில் பேசுவார், கதை திடீரென்று இரண்டாவது ஜோடி பக்கம் திரும்பும். தெரிந்துகொண்டு பார்த்தால் இதை வைத்தே யாருக்கு எத்தனை நாள் தேதி என்று ஊகிக்கலாம்.

மூன்றாவது, கதை இழுப்பு. முடிய வேண்டிய கதை நன்றாக ஓடுவதால் முடியாமல் போவது. வாரம் ஆறு நாள் என்றால் வருஷத்துக்கு 300 எபிசோடுக்கு மேல். ஒரு குடும்பக் கதைக்கு அத்தனை எபிசோடுக்குச் சரக்கு இருப்பது அபூர்வம். மற்ற இரண்டும் சரியாகப் போகலாம். இது ஆரம்பித்தால் திரும்பிச் சரியான சீரியல் குறைவு.

8. டிஆர்பி டிஆர்பிங்கறாங்களே, எங்க வீட்டுக்கு வந்து யாரும் கேட்டதே இல்லையே?

கேட்டிருக்க மாட்டார்கள். எந்த நிகழ்ச்சியை எவ்வளவு பேர் பார்க்கிறார்கள் என்ற இந்தக் கணக்கை எடுப்பது பார்க் இந்தியா என்ற அமைப்பு, மும்பையில் இருக்கிறது, 2015-ல் இருந்து எண்களை வெளியிடுகிறது. நாடு முழுவதும் 55,000-க்கு மேற்பட்ட வீடுகளில் மீட்டர் வைத்திருக்கிறார்கள். டிவி உள்ள வீடுகள் சுமார் 21 கோடி என்று அவர்களே 2020-ல் மதிப்பிட்டார்கள். அதாவது ஒரு மீட்டர் வீடு ஏறத்தாழ 3,800 வீடுகளுக்குப் பிரதிநிதி. உங்கள் தெருவிலேயே இல்லாமல் இருப்பது சாதாரணம். சேனலின் ஒலியில் காதுக்குக் கேட்காத ஒரு குறியீடு கலந்திருக்கும், மீட்டர் அதைப் படிக்கும். வீட்டில் உள்ளவர்கள் தனி ரிமோட்டில் ஆளுக்கொரு பொத்தானை அழுத்தி "நான் பார்க்கிறேன்" என்று பதிவு செய்வார்கள்.

எண்ணைப் புரிந்துகொள்ள ஒரு கணக்கு. நூறு பேர் இருக்கும் இடத்தில் பத்துப் பேர் அரை மணியும் உட்கார்ந்து பார்த்தால் ரேட்டிங் 10. இருபது பேர் பார்த்து, ஆளுக்குப் பாதி நேரத்தில் சேனலை மாற்றிவிட்டாலும் அதே 10. எத்தனை பேர் வந்தார்கள் என்பதோடு எவ்வளவு நேரம் இருந்தார்கள் என்பதும் சேர்ந்தது. விளம்பர இடைவேளைக்குச் சரியாக முன்னால் கதவு தட்டும் சத்தம் கேட்பதற்குக் காரணம் இதுதான்.

மீட்டர் வீடு எது என்பது ரகசியம். "உங்க வீட்டுல மீட்டர் வைக்கறோம், இந்தச் சேனலை ஓட விடுங்க, மாசம் இவ்வளவு தர்றோம்" என்று யாராவது வந்தால் அது மோசடி. 2020-ல் மும்பை போலீஸ் வழக்குப் போட்டது இப்படிப்பட்ட குற்றச்சாட்டின் பேரில்தான்.

9. நாங்க பெங்களூர்ல இருந்துகிட்டு தினமும் பார்க்கறோம். அது அந்த சீரியலுக்குக் கணக்குல வருமா?

நீங்கள் மீட்டர் வீடாக இல்லாதவரை எங்கே இருந்தாலும் வராது. பெங்களூரில் ஒரு மீட்டர் வீட்டில் தமிழ் சீரியல் ஓடினால் அது கர்நாடகச் சந்தைக் கணக்கில் ஏறும். வாரா வாரம் "தமிழில் முதல் ஐந்து சீரியல்" என்று சுற்றுகிற பட்டியல் தமிழ்நாடு, புதுச்சேரி சந்தைக்கானது. அதில் அல்சூரும் இல்லை, தாராவியும் இல்லை. ஆப்பில் பார்ப்பதும் அந்தப் பட்டியலில் சேராது, அதை ஆப் நிறுவனம் தனியாக வைத்துக்கொள்ளும்.

அதனால் பட்டியலில் ஐந்தாவது இடம் என்பதால் அது சுமார், முதலிடம் என்பதால் அது அருமை என்று இங்கே உட்கார்ந்து வாதாட வேண்டாம். அந்த எண் வேறு ஊர்க்காரர்களின் மாலை நேரத்தைப் பற்றியது.

10. நாம எல்லாரும் சேர்ந்து திட்டினா கதை மாறுமா, மாறாதா?

மாறும், ஆனால் நீங்கள் நினைக்கும் வேகத்தில் இல்லை. ரேட்டிங் வாரம் சனியில் ஆரம்பித்து வெள்ளியில் முடியும், எண் வருவது அடுத்த வியாழன். திங்கட்கிழமை எபிசோடு எப்படிப் போனது என்று சேனலுக்கு எண்ணாகத் தெரிய பத்து நாள் ஆகும். சனிக்கிழமை எபிசோடுக்குப் பன்னிரண்டு நாள். அதற்குள் அடுத்த ஒன்றிரண்டு வார எபிசோடுகளை எடுத்தே முடித்திருப்பார்கள். ஆக நீங்கள் இன்று கொதித்தால், அதன் விளைவு திரையில் தெரிய சுமாராக மூன்று வாரம்.

சேனலின் பக்கத்தில் எழுதுவதாக இருந்தால் "கேவலம்" என்று நூறு பேர் எழுதுவதைவிட "இந்த ட்ராக் ஆரம்பிச்ச தேதியில இருந்து நாங்க பார்க்கறதை விட்டுட்டோம்" என்று பத்துப் பேர் எழுதுவது அவர்களுக்குக் கூடுதல் தகவல். ஏழாவது பதிலில் சொன்ன மூன்றில் எது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

11. பக்கத்து வீட்டுக் கன்னடக்காரம்மா அவங்க சேனல்ல பார்க்கறதும் நான் பார்க்கறதும் ஒரே கதையா இருக்கு. யாரு யாரைக் காப்பி அடிச்சாங்க?

பெங்களூரில் மட்டுமே இவ்வளவு சீக்கிரம் பிடிபடும் விஷயம் இது, ஏனென்றால் சுவருக்கு அந்தப் பக்கம் இன்னொரு மொழியில் அதே கதை ஓடுகிறது. பெரும்பாலும் காப்பி இல்லை, ஒரே நிறுவனம் தன் கதையைத் தன் பல மொழிச் சேனல்களுக்கு எடுத்துக்கொள்வது. விஜய் டிவியும் ஸ்டார் சுவர்ணாவும் ஒரே குழுமம். 2023 ஜனவரியில் தமிழில் வந்த "சிறகடிக்க ஆசை" அதே ஆண்டுக் கடைசியில் கன்னடத்தில் "ஆசே" ஆனது, 2024-ல் இந்தியில் "உட்னே கீ ஆஷா" ஆனது. "பாண்டியன் ஸ்டோர்ஸ்" கன்னடத்தில் "வரலக்ஷ்மி ஸ்டோர்ஸ்", இந்தியில் "பாண்ட்யா ஸ்டோர்".

எல்லாம் தமிழில் இருந்து போனது என்று மார்தட்ட வேண்டாம். "பாக்கியலட்சுமி"க்கு மூலம் வங்காளத்து "ஸ்ரீமோயி". இந்தி "அனுபமா"வும் அதே கிளைதான். "பாரதி கண்ணம்மா" மலையாளத்து "கறுத்தமுத்து"வில் இருந்து வந்தது.

டப்பிங் செய்யாமல் ஏன் திரும்ப எடுக்கிறார்கள் என்ற கேள்விக்குக் கன்னடத்தில் தனி வரலாறு இருக்கிறது. 1960-களில் இருந்தே கன்னடத் திரையுலகம் டப்பிங்கை எதிர்த்தது. சட்டத்தில் தடை இல்லை, நடைமுறையில் இருந்தது. 2015-ல் இந்தியப் போட்டி ஆணையம் அந்தத் தடுப்பு சட்டவிரோதம் என்றது. 2020 ஊரடங்கில் படப்பிடிப்பு நின்றபோதுதான் டப்பிங் தொடர்கள் கன்னடச் சேனல்களில் தாராளமாக வர ஆரம்பித்தன. அத்தனை வருஷம் ரீமேக் மட்டுமே வழி என்று இருந்ததால் அந்தப் பழக்கம் கெட்டியாகிவிட்டது.

12. அப்போ ரெண்டையும் பார்த்துட்டு எது நல்லா இருக்குன்னு எப்படிச் சொல்றது?

கதையை ஒப்பிடாதீர்கள், அது ஒன்றுதான். மாற்றிய இடங்களை ஒப்பிடுங்கள். வீட்டின் தொழில் என்ன, மாமியார் எவ்வளவு கெட்டவர், ஹீரோ எந்த எபிசோடில் திருந்துகிறார், சடங்குகள் அந்த ஊர் வழக்கப்படி இருக்கின்றனவா என்று பாருங்கள். பின்னால் ஆரம்பித்த ரீமேக்குக்கு ஒரு வசதி உண்டு: மூலத்தில் எந்த ட்ராக் சறுக்கியது என்று தெரிந்து அதை வெட்டிவிடலாம். வெட்டினார்களா, அப்படியே இழுத்தார்களா என்பதுதான் பேச வேண்டிய இடம்.

கன்னடக்காரம்மாவிடம் பேசும்போது ஒரு எச்சரிக்கை. உங்கள் சீரியல் எட்டு மாதம் முன்னால் ஓடுகிறது என்றால் நீங்கள் சாதாரணமாகப் பேசுவதெல்லாம் அவருக்கு ஸ்பாய்லர். ஐந்தாவது பதிலில் உள்ள ஏற்பாடு இங்கே உதவாது. வாயை மூடிக்கொள்வதுதான் வழி.

13. ஹீரோயின் வாய் ஒண்ணு பேசுது, குரல் வேற மாதிரி கேட்குது. இதுல நடிப்பு நல்லா இருக்குன்னு எப்படிச் சொல்றது?

பல நடிகைகள் கர்நாடகா, ஆந்திரா, கேரளாவில் இருந்து வருகிறார்கள். "கயல்" சைத்ரா ரெட்டி பெங்களூர்ப் பெண். "நந்தினி" நித்யா ராம் கன்னடத்தில் நடித்துவிட்டு வந்தவர், அந்தத் தொடரே தமிழ், கன்னடம் இரண்டிலும் எடுக்கப்பட்டது. இப்படித் தமிழ் தாய்மொழியாக இல்லாதவர்களில் சிலர் சொந்தக் குரலில் பேசுகிறார்கள், சிலருக்கு டப்பிங் கலைஞர் குரல் கொடுக்கிறார்.

குரல் வேறு என்று தெரிந்தால் நடிப்பை இரண்டாகப் பிரித்துப் பாருங்கள். ஒலியை அணைத்துவிட்டு ஒரு காட்சியைப் பாருங்கள்: கண்ணும் கையும் வேலை செய்கின்றனவா என்று தெரியும். பிறகு திரையைப் பார்க்காமல் கேளுங்கள். அழுகைக் காட்சியில் குரல் மட்டும் உங்களை உலுக்கினால் பாராட்டு போக வேண்டியது டப்பிங் கலைஞருக்கு. அவர் பெயர் டைட்டிலில் ஓடும் வேகத்தில் படிக்க முடியாது என்பது வேறு விஷயம்.

14. நடுவுல ஆளை மாத்திட்டா மனசே ஒட்ட மாட்டேங்குது. அந்தக் கோபத்துல சொல்றது நியாயமான கருத்தா?

கோபம் நியாயம், தீர்ப்பு அவசரம். ஏன் மாற்றினார்கள் என்று முதலில் பாருங்கள். "எதிர்நீச்சல்" ஆதி குணசேகரனாக நடித்த மாரிமுத்து 2023 செப்டம்பரில் காலமானார், அந்த வேடத்துக்கு வேல ராமமூர்த்தி வந்தார். "பாண்டியன் ஸ்டோர்ஸ்" முல்லையாக நடித்த சித்ரா 2020 டிசம்பரில் மறைந்தார், பிறகு காவ்யா அறிவுமணி வந்தார். இந்த மாதிரி இடங்களில் வருபவர் முன்னவரின் பேச்சு முறையைப் பிடித்தால் "நகல்" என்பார்கள், பிடிக்காவிட்டால் "ஒட்டல" என்பார்கள். எப்படிப் பார்த்தாலும் அடிதான்.

புதியவரை எடைபோட இரண்டாவது பதிலில் சொன்னபடி ஒரு ட்ராக் கொடுங்கள். அவர் வருவதற்கு முன் ஆரம்பித்த ட்ராக்கைக் கணக்கில் எடுக்க வேண்டாம், அந்த வசனங்கள் இன்னொருவருக்காக எழுதியவை. அவருக்கென்று எழுதிய முதல் ட்ராக்கில் இருந்து பாருங்கள்.

15. வில்லியா நடிக்கறவங்க இன்ஸ்டாகிராம்ல போய் நல்லா திட்டிட்டு வந்தேன். அதுல என்ன தப்பு?

அவர் எழுதிக் கொடுத்ததைப் பேசினார். உங்களுக்கு அவ்வளவு எரிச்சல் வந்தது என்றால் வேலையைச் சரியாகச் செய்திருக்கிறார். திட்ட வேண்டும் என்றால் கதாபாத்திரத்தின் பெயரைச் சொல்லித் திட்டுங்கள், நடிகையின் பெயரையோ கணக்கையோ இணைக்காதீர்கள்.

சட்டமும் இந்தக் கோட்டைத்தான் போட்டிருக்கிறது. குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 356-வது பிரிவு அவதூறு பற்றியது. மக்கள் முன் வைக்கப்பட்ட ஒரு நிகழ்ச்சியின் தரத்தைப் பற்றி நல்லெண்ணத்தோடு சொல்லும் கருத்து அவதூறு ஆகாது என்று அதிலேயே விதிவிலக்கு உண்டு. "இந்தக் காட்சியில நடிப்பு செயற்கையா இருக்கு" என்று தாராளமாகச் சொல்லலாம். அவருடைய குணம், குடும்பம், கல்யாணம் பற்றிப் போனால் அந்த விதிவிலக்கு உங்களைக் காப்பாற்றாது.

16. தப்புன்னா யாரைச் சொல்றது? டைரக்டரையா, எழுதினவரையா, சேனலையா?

டைட்டிலில் கதை, திரைக்கதை, வசனம் மூன்றும் வேறு வேறு பெயர்களில் வருகிறதா பாருங்கள். ஒருவர் என்ன பேசுகிறார் என்பது வசனகர்த்தா. எந்த வரிசையில் நடக்கிறது, எங்கே வெட்டித் தொடரும் போடுகிறார்கள் என்பது திரைக்கதை. ஒரே காட்சியில் முகம் முகமாகப் போவது, பின்னணி இசை காதைக் கிழிப்பது எல்லாம் இயக்கமும் படத்தொகுப்பும். முடிய வேண்டிய கதை முடியாமல் ஓடுவது, நேரம் மாறுவது, ஒரு மணி நேரமாக நீள்வது பெரும்பாலும் சேனல். "கோலங்கள்", "எதிர்நீச்சல்" எடுத்த திருச்செல்வம் போல எழுதி, இயக்கி, நடிக்கவும் செய்கிறவரிடம் மட்டும் மொத்தமாகக் கணக்குக் கேட்கலாம்.

17. ஒரு காட்சியை மொபைல்ல ரெக்கார்ட் பண்ணி, மேல நாலு வரி எழுதி ஸ்டேட்டஸ்ல வைக்கலாமா?

காப்புரிமைச் சட்டத்தின் 52-வது பிரிவு விமர்சனத்துக்காக நியாயமான அளவில் பயன்படுத்த இடம் தருகிறது. எத்தனை நொடி என்று அதில் எண் கிடையாது. நீங்கள் பேசுகிற விஷயத்துக்குத் தேவையான துண்டு, அதன்மேல் உண்மையிலேயே ஒரு கருத்து, இரண்டும் இருக்க வேண்டும். முழு எபிசோடையும் போட்டுக் கீழே "சூப்பர்" என்று எழுதினால் அது விமர்சனம் ஆகாது. டெலிகிராமில் எபிசோடுகளை ஏற்றி அனுப்புவது திருட்டு, அதில் வாதத்துக்கே இடமில்லை.

18. ஒரு காட்சி ரொம்ப மோசமா இருந்துச்சு, சின்னக் குழந்தையைப் போட்டு அடிக்கறாங்க. வெறும் கருத்து போதாது, புகார் குடுக்கணும். எங்க?

முதலில் சேனலுக்கு. அவர்கள் இணையதளத்தில் குறைதீர் அதிகாரியின் விவரம் இருக்க வேண்டும். சேனல், சீரியல், தேதி, நேரம், எத்தனையாவது நிமிடம், திரையில் என்ன காட்டினார்கள், எதனால் ஆட்சேபம் என்று எழுதுங்கள். 2021 விதிகளின்படி 24 மணி நேரத்தில் பெற்றுக்கொண்டதாகத் தெரிவிக்க வேண்டும், 15 நாளில் பதில் தர வேண்டும். பதில் வராவிட்டாலோ திருப்தி இல்லாவிட்டாலோ அடுத்த 15 நாளுக்குள் சேனல்களின் சுய ஒழுங்குமுறை அமைப்புக்கு மேல்முறையீடு செய்யலாம். பொழுதுபோக்குச் சேனல்களுக்கு அது 2011-ல் ஆரம்பித்த பிசிசிசி (BCCC) என்ற ஒளிபரப்பு உள்ளடக்கப் புகார் கவுன்சில். அவர்களுக்கு 60 நாள் அவகாசம். அதற்கும் மேலே மத்திய அரசு.

"மொத்த சீரியலுமே குடும்பத்தைக் கெடுக்குது" என்று எழுதும் புகார் எங்கும் நகராது. ஒரு காட்சி, ஒரு தேதி, ஒரு நிமிடம் என்று குறிப்பாக எழுதியதுதான் நகரும். விளம்பரம் பற்றிய புகார் இங்கே சேராது, அது விளம்பரத் தரக் கவுன்சிலுக்குப் போக வேண்டும்.

19. "மெட்டி ஒலி", "கோலங்கள்" மாதிரி இப்போ ஒண்ணாவது வருதா சொல்லுங்க?

அப்போதும் இழுத்தார்கள். "கோலங்கள்" 2003-ல் ஆரம்பித்து 2009 வரை 1,500 எபிசோடுக்கு மேல் ஓடியது. ஞாபகத்தில் நிற்பது அதன் நல்ல ட்ராக்குகள் மட்டும். 2020 ஊரடங்கில் சன் டிவி "மெட்டி ஒலி"யைத் திரும்பப் போட்டபோது பல வீடுகளில் பெரியவர்கள் ஆசையாகவும் பிள்ளைகள் நெளிந்துகொண்டும் பார்த்தார்கள்.

ஆனால் ஒரு வித்தியாசம் நிஜம். அந்தத் தொடர்களில் பணக் கஷ்டம் ரூபாய் கணக்கில் வரும்: சம்பளம் எவ்வளவு, சீர் எவ்வளவு, கடன் யாரிடம் என்று தெரியும். இன்றைய பல சீரியல்களில் சமையல்காரியும் பட்டுப் புடவையில் நிற்கிறாள். பழசைப் புகழ்வதாக இருந்தால் இப்படி ஒரு குறிப்பான விஷயத்தைச் சொல்லிப் புகழுங்கள்.

20. ரெண்டு வருஷம் பார்த்த சீரியலைப் பட்டுனு முடிச்சுட்டாங்க. கடைசி வாரம் குப்பை. மொத்த சீரியலும் குப்பைன்னு சொல்லலாமா?

சொல்ல வேண்டாம். சேனல் முடிக்கச் சொல்லும்போது எழுதுபவருக்குச் சில வாரங்கள்தான் கிடைக்கும். வில்லன் ஒரே எபிசோடில் திருந்துவதும் கோமாவில் இருந்தவர் எழுந்து உட்காருவதும் அதனால்தான். "எதிர்நீச்சல்" 2024 ஜூனில் முடிந்தபோது இதே புலம்பல்தான் எங்கும். அந்த டிசம்பரிலேயே "எதிர்நீச்சல் தொடர்கிறது" என்று வந்துவிட்டது, அதனால் "முடிவு" என்று எதைச் சொல்வது என்பதே கேள்வியாகிவிட்டது.

முடிந்த சீரியலைப் பற்றி யாராவது கேட்டால் ட்ராக்குகளாகப் பிரித்துச் சொல்லுங்கள்: எந்த மாதத்தில் இருந்து எந்த மாதம் வரை பார்க்கலாம், எதைத் தாண்டிவிடலாம், கடைசி எத்தனை வாரத்தை விட்டுவிடலாம். ஆப்பில் முதலில் இருந்து பார்க்கப் போகிறவருக்கு 700 எபிசோடில் 200 மிச்சமாகும்.